ஒரகடம் வட்டாரத்தில் லினக்ஸ் தொற்றும் முறை: ஒரு முதற்கட்ட ஆய்வு

பின்லாந்திலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு இரண்டு சரக்குகள் வந்தன. ஒன்று நோக்கியா. 2006இல் ஆலை ஓடத் தொடங்கியது, 2014 நவம்பரில் நின்றது. மற்றது, ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ். கேட் பாஸ் வாங்காமல் உள்ளே வந்ததால் இதை யாராலும் வெளியே அனுப்ப முடியவில்லை. ஆண்ட்ராய்டு போனுக்கு அடியில் ஓடுவது இதன் கெர்னல்தான். எனவே ஷிப்ட் பஸ்ஸில் ரீல்ஸ் பார்ப்போர் பெரும்பாலும் லினக்ஸ் பயனர்களே என்பது எமது முதல் துணிபு. இதை அவர்களிடம் சொன்னால் ஹெட்போனைக் கழற்றுவதில்லை என்பது இரண்டாவது.

தெரிந்தே மாறுவோர் வேறு இனம். 2011 செப்டம்பர் 15 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கியது. எல்காட் கொள்முதல் செய்த அவற்றில், விண்டோஸோடு சி-டாக் நிறுவனம் டெபியன் மேல் கட்டிய பாஸ் லினக்ஸும் குடியிருந்தது. அதை விரும்பித் திறந்தவரை எமது ஆய்வுக்குழு (உறுப்பினர் ஒருவர், அவரும் யாமே) இன்னும் தேடி வருகிறது.

அதே லேப்டாப் டிப்ளமோ முடித்து, ஒரகடத்தில் ஆறு பேர் தங்கும் ரூமுக்கு வந்து, விண்டோஸ் திறப்பதற்குள் டீ ஆறிப்போகும் நிலையை அடையும்போதுதான் தத்துவம் பிறக்கிறது. ஒருவன் பென்டிரைவோடு வருவான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடும்.

"மச்சான், வைரஸாடா?"

"இன்ஸ்டால் ஆவுதுடா. ஒயரப் புடுங்கிடாத, பேட்டரி செத்துருச்சு."

தீட்சை இவ்வளவுதான்.

திறந்த மூலத்துக்கு ஸ்ரீபெரும்புதூரில் முன்மரபு உண்டு. இங்கே பிறந்த ராமானுஜர், 18 முறை நடையாய் நடந்து திருக்கோஷ்டியூர் நம்பியிடம் பெற்ற மந்திரத்தைக் கோபுரமேறி ஊருக்கே சொன்னார் என்கின்றன குருபரம்பரைக் கதைகள். வெளியே சொன்னால் நரகம் என்பது உரிம நிபந்தனை. விதிமுறைகளை முழுதாகக் கேட்டுவிட்டு 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற கடைசிப் பயனர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

இன்றைய அடியார்களுக்குச் சோதனை எக்ஸெல் வடிவில் வருகிறது. சூப்பர்வைசர் அனுப்பிய ஓ.டி. ஷீட்டில் மேக்ரோ இருக்கும். லிப்ரே ஆபிஸில் திறந்தால் அதிலுள்ள பட்டன் மசியாது. சற்றுமுன்வரை சுதந்திர மென்பொருள் பற்றி வகுப்பெடுத்தவர் பென்டிரைவை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் பக்கத்து ரூம் விண்டோஸை நாடுவார். இந்தக் கொள்கைப் பிறழ்வுக்கு விளக்கம் கோரினோம்.

"ஓ.டி. காசு சார் அது" என்றார்.

மறுப்பதற்குரிய தரவு எம்மிடம் இல்லை.