40 மட்டும் இல்லை சார்

நான் ஒரு 40. சட்டை அளவைச் சொல்கிறேன். வயது அதைத் தாண்டிப் பல தீபாவளி ஆயிற்று. தொப்பை தொடங்கிவிட்டது, ஆனால் இன்னும் ஊரறியவில்லை என்ற நிலையில் இருக்கும் ஆண்கள் பலரும் என் கட்சிதான். அதனால்தான் தீபாவளிக்கு முந்தின வாரம் தி.நகரில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் 38 இருக்கும், 44 இருக்கும், 40 இருக்காது. நடுவில் மாட்டிக்கொண்டவன் கதி வருமான வரியிலும் சட்டையிலும் ஒன்றுதான்.

கடை காலியாகக் கிடந்தால்கூட மனசு ஆறிவிடும். இங்கே ஆறு மாடி, தரையிலிருந்து கூரை வரைக்கும் துணி. லிஃப்டுக்கு ஒரு வரிசை, பில்லுக்கு ஒரு வரிசை, வாங்கிய பையை வாங்க இன்னொரு வரிசை. ரங்கநாதன் தெரு நெரிசலில் நசுங்காமல் வரட்டும் என்று 2023-ல் மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து ஆகாய நடைபாதை வேறு திறந்துவிட்டார்கள். அரை கிலோமீட்டருக்கு மேல் நீளம். முன்பெல்லாம் வேர்த்து விறுவிறுத்துப் போய் ஏமாந்தோம், இப்போது காற்று வாங்கிக்கொண்டே போய் ஏமாறலாம்.

பண்டிகை வாரத்தில் விற்பனைப் பையன்கள் 'இல்லை' என்று சொல்வதே கிடையாது.

"தம்பி, இந்த நீலத்துல 40 இருக்கா?"

"42 போட்டுப் பாருங்க சார். ரெண்டு தண்ணி பட்டா சரியாயிடும்."

"அப்ப 38?"

"அது போடப் போட லூஸாயிடும் சார்."

ஒரே துணி, ஒரே சாயம், ஒரே தையல். ஒன்று சுருங்குமாம், இன்னொன்று விரியுமாம். நான் பிளஸ் டூவில் இயற்பியல் படித்தவன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன், "குடோன்ல பாத்துட்டு வரேன்" என்று மறைந்துவிட்டான். குடோனுக்குப் போனவர்கள் திரும்பி வருவதில்லை. அவனைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை, காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறான். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தினார்கள். அந்தக் கடையில் அந்த நாற்காலியும் ஸ்டாக் இல்லை போலிருக்கிறது.

ஜவுளி மொத்த வியாபாரம் பார்க்கும் ஒரு நண்பரிடம் புலம்பினேன். அவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். சட்டைகள் செட்டாகத்தான் வரும். ஒரு டிசைனுக்கு 38, 40, 42, 44 எல்லாம் கலந்த கட்டு. '40 மட்டும் கட்டிக் கொடு' என்றால் தயாரிப்பாளர் சம்மதிக்க மாட்டார், மிச்சத்தை அவர் யார் தலையில் கட்டுவது? செட் பிரித்ததுமே நடு சைஸ் பறந்துவிடும். கடைசியில் மாலை மாதிரி தொங்குவதெல்லாம் இந்த ஓரமும் அந்த ஓரமும்தான். மறுபடி ஆர்டர் போடலாமே என்றால், தீபாவளிக்கு முந்தின வாரம் தையல் யூனிட்களில் மெஷின்தான் இருக்கும். ஆட்கள் போனஸை வாங்கிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறியிருப்பார்கள். அவர்களும் சட்டை எடுக்கவேண்டாமா? அவர்களுக்காவது 40 கிடைத்ததா, தெரியவில்லை.

என் சட்டையை விடுங்கள், பழசைப் போட்டுக்கொண்டாலும் தீபாவளி நடக்கும். மாமனார் வேட்டி அப்படியில்லை. எட்டு முழம் டபுள், சுத்தப் பருத்தி, அரை இஞ்ச் பச்சைக் கரை, ஜரிகை கூடவே கூடாது. "அப்பாவுக்கு அதுதாங்க பழக்கம்" என்று மனைவி சொல்லிவிட்டாள். இதைவிடச் சாதாரண வேட்டி உலகத்தில் இருக்க முடியாது என்ற தைரியத்தில்தான் நானும் கிளம்பினேன்.

வேட்டிக்கென்றே ஒரு மாடி. மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி இருந்தது. மூன்று வயதுக் குழந்தைக்குத் தைத்து வைத்த பஞ்சகச்சம் இருந்தது. கரை நிறத்திலேயே சட்டை, அந்தச் சட்டை நிறத்திலேயே கைக்குட்டை என்று பெட்டி பெட்டியாக இருந்தது. அரை இஞ்ச் பச்சைக் கரையைக் கேட்டதும் அங்கிருந்தவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"இப்ப யாரு சார் அதெல்லாம் கேக்கறாங்க? இதைப் பாருங்க, ஒட்டு வேட்டி. வெல்க்ரோ வெச்சது, செல்போனுக்குப் பாக்கெட் இருக்கு. பெரியவங்களுக்குன்னே வந்தது. அவிழவே அவிழாது!"

என் மாமனார் வேட்டி இடுப்பிலிருந்து அவிழ்ந்ததாகச் சரித்திரமே இல்லை. வியாதி இல்லாதவருக்கு எதற்கு வைத்தியம்? ஆனால் ஆறு மாடி ஏறி இறங்கிய என் கால்கள் என்னைக் கேட்காமலே சம்மதித்துவிட்டன. பில் போட்டார்கள்.

இனிப்புக் கடையில் மைசூர்பாகு மட்டும் தனியாகக் கேட்டேன். கலந்த டப்பாதான் என்றார்கள். பல நிறம், ஒரே ருசி.

பட்டாசுதான் மிச்சம். பையன் ஆயிரம் வாலா கேட்டிருந்தான். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை போட்டதை அவனிடம் எடுத்துச் சொன்னேன். ஒன்றாம் வகுப்புப் படிக்கிறவனுக்கு உச்ச நீதிமன்றம் என்றால் என்ன மரியாதை? தாத்தாவிடம் சொல்லி வாங்கிக்கொள்கிறேன் என்றான். கடைக்காரர், "சரம் இல்ல சார், கிஃப்ட் பாக்ஸ் எடுத்துக்கங்க" என்றார். குருவி வெடி, சங்கு சக்கரம் என்று தனித்தனியாகக் கேட்டாலும் கிஃப்ட் பாக்ஸைத்தான் காட்டினார். அவருக்கும் நியாயம் இருக்கிறது. தற்காலிக உரிமத்தில் சில நாள் கடை, பண்டிகை முடிந்தால் மீந்ததை எங்கே வைப்பது? அளவாகத்தான் வாங்குவார். கிஃப்ட் பாக்ஸ் என்பது யாரும் தேடிப்போய் வாங்காத சமாச்சாரங்களுக்கு, தேடுகிற நாலைந்தைத் துணைக்கு அனுப்பும் ஏற்பாடு. நாங்கள் வாங்கியதில் பாம்பு மாத்திரை தாராளமாக இருந்தது. சத்தம் வரும் சாமான் மட்டும் பெட்டியின் மேல் படமாக இருந்தது.

தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்து, மஞ்சள் வைத்த புதுத்துணியை மாமனாரிடம் நீட்டினேன். உறையைப் பிரித்தார், இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்க் கட்டிக்கொண்டு, இல்லை, ஒட்டிக்கொண்டு வந்தார். பட்டாசு வெடிக்க அரசு அனுமதித்த காலை ஆறு டு ஏழு முடிந்திருந்தது. பாம்பு மாத்திரைக் கரியோடு பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தான். மாமனார் பக்கத்தில் உட்காரப்போனவர், இடுப்பில் ஏதோ உறுத்துகிறது என்று வெல்க்ரோவைப் பிடித்து இழுத்தார்.

டர்ர்ர்ர்!

நல்லவேளை, உள்ளே கோடு போட்ட டிராயர் இருந்தது. பையன் துள்ளி எழுந்தான்.

"தாத்தா, இன்னொரு வாட்டி!"

மாமனார் ஒட்டினார். மறுபடி இழுத்தார். ஒரு முறை மெதுவாக, ஒரு முறை வேகமாக. அடுப்படியிலிருந்து மனைவி, "ஏழு மணிக்கு மேல அங்க யாருங்க வெடிக்கிறது?" என்று குரல் கொடுத்தாள்.

"பரவாயில்லையே மாப்ளே" என்றார் மாமனார், "பாக்கெட் வேற வெச்சிருக்கான்."