கடலைப் பற்றிக் கொஞ்சம் கடலை

கே: மெரினாவில் ஓயாமல் அலை வந்துகொண்டே இருக்கிறதே, இத்தனை தண்ணீரும் எங்கிருந்து வருகிறது? (வாசகி, திருவல்லிக்கேணி)

ப: தண்ணீர் வரவில்லை, அலைதான் வருகிறது. நெல்வயலில் காற்றடித்தால் பச்சை அலை இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புக்கு ஓடும்; எந்தப் பயிரும் வரப்பைத் தாண்டிப் போவதில்லை. கடலிலும் தண்ணீர் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஏறக்குறையப் பழைய இடத்துக்கே திரும்புகிறது. கரையருகே ஆழம் குறைந்ததும் அலையின் கால் தரையில் தட்டுகிறது, குப்புற விழுகிறது. நம் செருப்பு நனைவது அப்போதுதான்.

கே: காற்றும் இல்லை, மழையும் இல்லை. ஆனாலும் சில நாள் கடல் திடீரென்று வாசல்வரை வந்துவிடுகிறதே? (வாசகர், குளச்சல்)

ப: அதற்குக் கேரள மீனவர்கள் வைத்த பெயர் ‘கள்ளக்கடல்’. சொல்லாமல் கொள்ளாமல் வரும் கடல். பெயர் அவ்வளவு பொருத்தம் என்பதால் விஞ்ஞானிகளும் அதையே எடுத்துக்கொண்டார்கள். திருடன் புறப்படும் ஊர் இந்தியப் பெருங்கடலின் தென்கோடி. அங்கே புயல் கிளப்பும் அலைகள் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடி வருகின்றன. வழியில் நீள அலை முந்தும், குட்டை அலை பின்தங்கும். உங்கள் ஊருக்கு முதலில் வந்து சேர்வது நீளமான, வலுவான அலைதான். பயணம் சில நாள் பிடிக்கும் என்பதால், அங்கே புயல் தெரிந்ததுமே இங்கே எச்சரிக்கை கொடுத்துவிடலாம். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் ஐந்து பேரை அலை வாரிக்கொண்டு போனதற்கு முன்பும் எச்சரிக்கை வந்திருந்தது. வானம் தெளிவாக இருந்தால் நாம் எச்சரிக்கையை நம்புவதில்லை. கள்ளக்கடலுக்கு அது போதும்.

கே: இந்தியாவின் கடல் தகவல் மையம் ஹைதராபாத்தில் இருக்கிறதாமே. அங்கே ஏது கடல்? (வாசகர், மதுரை)

ப: ஹுசைன் சாகர் இருக்கிறதே என்று சொல்லித் தப்பிக்கலாம். அது ஏரி. உண்மையில் அந்த மையத்துக்குப் பக்கத்தில் கடல் தேவையில்லை. கடலிலிருந்து தகவல் வந்தால் போதும். அனுப்புகிறவற்றில் முக்கியமானவை ஆர்கோ மிதவைகள். பல நாடுகள் சேர்ந்து உலகக் கடல்களில் ஏறக்குறைய 4,000 மிதவைகளை விட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆளுயர உருளை. 1,000 மீட்டர் ஆழத்தில் நீரோட்டம் போகும் போக்கில் சும்மா கிடக்கும். பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை முங்கி, அங்கிருந்து மேலே வரும் வழியெல்லாம் வெப்பத்தையும் உப்பையும் அளந்துகொண்டே வரும். நீந்துவதற்கு விசிறியெல்லாம் கிடையாது. வயிற்றிலுள்ள எண்ணெயை வெளிப்பைக்குள் தள்ளினால் உடம்பு பருத்து மேலேறும்; உள்ளே இழுத்துக்கொண்டால் இறங்கும். மேலே வந்ததும் செயற்கைக்கோளிடம் கணக்கை ஒப்பித்துவிட்டு மறுபடி முங்கும். வளைகுடாவிலிருந்து தவறாமல் போன் செய்யும் பிள்ளை மாதிரி. ஒரே வித்தியாசம், பெரும்பாலும் இது ஊர் திரும்புவதில்லை. பேட்டரி தீர்ந்தால் கதை முடிந்தது.

கே: கடல் ஆழமா, பெண் மனசு ஆழமா? (வாசகர், சேலம்)

ப: 1875-ல் ‘சேலஞ்சர்’ கப்பலில் போனவர்கள் மேற்குப் பசிபிக்கில் கயிற்றில் எடை கட்டி இறக்கிப் பார்த்தார்கள். எட்டு கிலோமீட்டருக்கு மேல் போனது. இன்று கயிறு இல்லை. ஒலியை அனுப்பிவிட்டு எதிரொலிக்குக் காத்திருக்கிறார்கள். அந்த வட்டாரத்திலேயே மிக ஆழமான இடம் ஏறக்குறைய 10.9 கிலோமீட்டர். ஒலி போய்த் திரும்ப பதினைந்து விநாடி போதும். பெண் மனசுக்கு இந்தக் கருவியெல்லாம் வேண்டாம், கேட்டாலே சொல்வார்கள். கேட்டுவிட்டு, பதிலுக்குப் பதினைந்து விநாடி வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

கே: வங்கக்கடல் புயலுக்கு மட்டும் அப்படி என்ன சத்து? (வாசகி, கடலூர்)

ப: புயலின் அடுப்பு, கடலின் வெதுவெதுப்பான மேல்நீர். வழக்கமாகப் புயலே தன் காற்றால் கடலைக் கலக்கி அடியிலுள்ள குளிர்நீரை மேலே கொண்டுவந்துவிடும். தன் அடுப்பில் தானே தண்ணீர் ஊற்றிக்கொள்ளும். வங்கக்கடலில், அதுவும் வடக்கே, கங்கையும் பிரம்மபுத்திராவும் நன்னீரைக் கொட்டுகின்றன. உப்புநீரைவிட அது லேசு. பாலாடை மாதிரி மேலே படர்ந்து நிற்கும். கலக்கினாலும் குளிர்நீர் எளிதில் மேலே வராது; அடுப்பும் எளிதில் அணையாது. இது ஒரு காரணம். மிதவைகள் வெப்பத்தோடு உப்பையும் ஏன் அளக்கின்றன என்று இப்போது புரிகிறதா?

கே: பாட்டிலில் கடிதம் போட்டுக் கடலில் விட்டால் போய்ச் சேருமா? (வாசகர், புதுச்சேரி)

ப: சேரலாம். யாருக்கு என்பதை நீரோட்டம் முடிவு செய்யும். 1992 ஜனவரியில் வட பசிபிக்கில் ஒரு சரக்குக் கப்பலிலிருந்து விழுந்த கண்டெய்னரிலிருந்து 28,800 பிளாஸ்டிக் பொம்மைகள் வெளியே வந்தன. வாத்து, ஆமை, தவளை, நீரெலி போன்ற பீவர். நவம்பரில் அவை அலாஸ்காவின் சிட்கா கரையில் ஒதுங்கத் தொடங்கின. கர்டிஸ் எபஸ்மேயர், ஜேம்ஸ் இங்கிரஹாம் என்ற இரு விஞ்ஞானிகள், எது எங்கே எப்போது ஒதுங்கியது என்று கரையில் வசிப்பவர்களிடம் விசாரித்து, தங்கள் கணினி போட்ட நீரோட்டக் கணக்கைச் சரிபார்த்தார்கள். கைக்காசு போட்டு விடுவதென்றால் இத்தனை வாத்து கட்டுப்படியாகுமா?

கே: மெரினாவில் மணல் சேருகிறது, எங்கள் பக்கம் கரையே கரைகிறது. கடலுக்கு ஏன் இந்த ஓரவஞ்சனை? (வாசகி, ராயபுரம்)

ப: வஞ்சனை கடலுடையது அல்ல. சாய்வாக வந்து மோதும் அலைகள் மணலைக் கரையோரமாகவே நகர்த்தும். சென்னையில் வருஷக் கணக்கு பார்த்தால் அது தெற்கிலிருந்து வடக்கே போகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகச் சுவர் கட்டி அந்த வழியை மறித்தோம். வந்த மணல் தெற்கே தேங்கியது, மெரினா அகன்றது. வடக்கே மணல் வரத்து நின்றது. அலை மட்டும் நிற்கவில்லை. கருங்கல் கொட்டினாலும் தூண்டில் வளைவு போட்டாலும் கடலின் பசி தீருவதில்லை, அடுத்த குப்பத்துக்கு நகர்கிறது.

கே: சுனாமி அன்று ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை என்கிறார்கள். நம்புவதா? (வாசகர், நாகப்பட்டினம்)

ப: நம்புங்கள். 2004 டிசம்பர் 26 அன்று, நிலநடுக்கத்துக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்து, ஜேசன்-1 செயற்கைக்கோள் தற்செயலாக வங்கக்கடலைக் கடந்தது. அது அளந்த அலையின் உயரம் சுமார் 60 சென்டிமீட்டர். நீளமோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். படகு ஏறி இறங்கியது எப்படித் தெரியும்? கரையருகே முன்னால் போன தண்ணீர் வேகம் தளர, பின்னால் வந்தது அதன்மேல் ஏறியது. செயற்கைக்கோள் தகவலைப் பிரித்துப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதனால்தான் இப்போது ஆழ்கடலின் தரையில் அழுத்தமானிகளைக் காவல் வைத்திருக்கிறார்கள். தலைக்கு மேலே கிலோமீட்டர் கணக்கில் தண்ணீர். அதில் சில சென்டிமீட்டர் கூடினாலும் கண்டுபிடித்துவிடும். மதுரை வாசகர் கவனிக்க: சுனாமி எச்சரிக்கை மையமும் 2007 முதல் அதே ஹைதராபாத்தில்தான் இருக்கிறது.

கே: கடலே இல்லாத ஊர்க்காரன் நான். இதெல்லாம் எனக்கு எதற்கு? (வாசகர், ஈரோடு)

ப: உங்கள் ஊர்க் காவிரியில் ஓடுவது, குடகு மலையில் மழையாக இறங்குவதற்கு முன் பெரும்பாலும் கடலாகத்தான் இருந்தது. கடல் உங்கள் ஊருக்கும் வருகிறது, சார். உப்பைக் கழற்றி வைத்துவிட்டு வருவதால் உங்களுக்கு அடையாளம் தெரியவில்லை.