சுளுக்கு என்றார்கள்

முறிவு இல்லை என்று காட்டிய ஓர் எக்ஸ்ரேயோடு அண்ணனின் கபடி முடிந்துபோனது. எண்பதுகளின் நடுவில், ரெய்டு போனவரின் பாதம் உள்பக்கமாக மடங்கியது. அன்றிரவே விளக்கெண்ணெய் தடவி நீவினார்கள். காலைச் சொடுக்கி இழுத்தார்கள். மறுநாள் புளியும் உப்பும் காய்ச்சிப் பத்து. ஒரு வாரம் கழித்து டவுனில் படம் எடுத்தபோது, "எலும்பு நல்லா இருக்கு, வெறும் சுளுக்குதான்" என்றார்கள். வீக்கம் வடிந்தது. ஆனால் படி இறங்கும்போதெல்லாம் மூட்டுக்குள் சுருக்கென்று பிடிக்கும். சோம்பலுக்குச் சாக்கு என்று வீட்டிலேயே பேசினார்கள். அந்தப் பேச்சை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

அண்ணன் மகள் வாலிபால் ஆடுகிறாள். அவள் விழுந்தபோது டாக்டர் நாலு எட்டு நடக்கச் சொன்னார். கணுக்கால் முட்டிகளின் பின்விளிம்பை அழுத்திப் பார்த்தார். யாருக்கு எக்ஸ்ரே தேவை என்று தீர்மானிக்க, கனடாவின் ஒட்டாவாவில் 1992-ல் வகுத்த முறை அது. படத்தில் ஒன்றும் தெரியவில்லை. "ஆறு வாரத்துல வலி போகலேன்னா திரும்ப வாம்மா" என்றார். அந்த ஒரு வாக்கியம் அண்ணனுக்குக் கிடைக்கவில்லை.

வலி போகவில்லை. எம்.ஆர்.ஐ.யில் தாலஸ் எலும்பின் மேற்பரப்பில் குருத்தெலும்பு சிறு எலும்புச் சில்லோடு பெயர்ந்திருந்தது. தாலஸ், முழங்காலுக்குக் கீழுள்ள எலும்புகளுக்கும் குதிகால் எலும்புக்கும் நடுவில் இருப்பது. அதன் மேற்பரப்பில் ஐந்தில் மூன்று பங்கு குருத்தெலும்புதான். தசை எதுவும் அதில் ஒட்டுவதில்லை. குருத்தெலும்புக்குள் ரத்தக்குழாய் இல்லாததால் அது தானாக ஆறுவது அரிது. 1959-லேயே பெர்ண்ட், ஹார்ட்டி என்ற இருவர் இந்தக் காயத்தை நான்கு நிலைகளாகப் பிரித்து எழுதிவிட்டார்கள். அண்ணன் விழுந்தது அதற்குக் கால் நூற்றாண்டு கழித்து!

சில்லு அசையாமல் இருந்தால் பாரம் ஊன்றாமல் ஓய்வு கொடுத்தே பார்ப்பார்களாம். இவளுக்குக் கழன்றுவிட்டது. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான புண் என்பதால் துளைவழி அறுவையே போதும் என்றார்கள். சிதைந்ததைச் சுரண்டி எடுத்து, அடி எலும்பில் நுண்துளைகள் இட்டார்கள். அவற்றின் வழியே மஜ்ஜை ரத்தம் கசிந்து உறைந்து, புதிதாக ஒரு நார்க் குருத்தெலும்பு வளரும். அசலுக்கு ஈடில்லைதான், ஆனாலும் ஆடலாம். பிசியோதெரபியில் இப்போது ஒற்றைக்காலில் நிற்கப் பழகுகிறாள். குதிக்க இன்னும் மாதங்கள் ஆகும்.

அண்ணனின் காலையும் அதே டாக்டர் பார்த்தார். மூட்டு தேய்ந்து இடைவெளி குறுகிவிட்டது. நுண்துளை போடும் கட்டம் தாண்டிவிட்டது. இப்போதைக்குக் கணுக்கால் பட்டையும் மாத்திரையும், வலி கூடினால் மூட்டை அசையாதபடி இணைத்துவிடலாம் என்றார்.