இரண்டு டிஸ்க், ஒரே கிடங்கு

கேள்வி: லினக்ஸ் சர்வரில் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளை ஒன்றாக்கி, வேண்டிய அளவில் பிரித்துக்கொள்ள முடியுமா?

பதில்: முடியும். அதற்கென்றே இருப்பது எல்விஎம். ஹைன்ஸ் மௌல்ஸ்ஹாகன் 1998-ல் லினக்ஸுக்காக எழுதியது. எச்பி-யுஎக்ஸ் இயங்குதளத்தில் இருந்த ஏற்பாடுதான் முன்மாதிரி. ரூட் அனுமதியோடு மூன்று கட்டளைகள் போதும். ‘பிவிகிரியேட்’ டிஸ்க்கை எல்விஎம்முக்கு உரியதாகக் குறிக்கும். ‘விஜிகிரியேட்’ டிஸ்க்குகளை ஒரே தொகுதியாகச் சேர்க்கும். பல ஓடைகள் விழும் ஏரி போன்றது அந்தத் தொகுதி. எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு என்பதை ‘எல்விகிரியேட்’ முடிவு செய்கிறது.

கவனம் வேண்டிய இடமும் இதுதான். பெரிய ‘எல்’ போட்டு 20ஜி என்றால் 20 ஜிபி கிடைக்கும். சின்ன ‘எல்’ போட்டு 20 என்றால் 20 துண்டுகள்தான். ஒரு துண்டு வழக்கமாக 4 எம்பி. ஆக மொத்தமே 80 எம்பி! ஓர் எழுத்தின் உயரத்தில் இவ்வளவு பெரிய பள்ளம்.

பிறகு கோப்பு முறைமை அமைத்து மவுண்ட் செய்ய வேண்டும். இடம் போதாதபோது ‘எல்விஎக்ஸ்டெண்ட்’ கட்டளையோடு சின்ன ‘ஆர்’ சேர்த்தால் கோப்பு முறைமையும் கூடவே வளரும். சுருக்குவது அவ்வளவு எளிதல்ல: இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையை அன்மவுண்ட் செய்தே சுருக்க வேண்டும். எக்ஸ்எஃப்எஸ் என்றால் அந்த ஆசையை விட்டுவிடலாம். ஆகவே தொடக்கத்திலேயே முழு இடத்தையும் ஒதுக்காமல் தொகுதியில் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.