பொழுதுபோக்கு: வாசிப்பு, நீச்சல்

ஹட்டன் நகரில் ஏதாவதொரு கொமினிகேஷன் கடை வாசலில் நம்ம தம்பியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உயர்தரம் முடித்தவர். அம்மா கொழுந்து மலையில், அப்பா ஸ்டோரில். தம்பி மட்டும் சர்டிபிகேட் பைலை மார்போடு அணைத்தபடி, கொழும்பில் எந்தக் கம்பனி கூப்பிட்டாலும் ராத்திரி பஸ் ஏறத் தயாராக நிற்பார்.

தன்னுடைய சுயவிபரக்கோவையை அவர் எழுதுவதில்லை. கடைக் கம்பியூட்டரில் முன்பு வந்துபோன யாரோ ஒருவருடையது கிடக்கும். பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம் மூன்றையும் மாற்றினால் ஆள் தயார். பொழுதுபோக்கை மட்டும் யாரும் தொடுவதில்லை. அதனால்தான் நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா என்று திக்குக்கொருவராக இருக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் வாசிப்பும் நீச்சலும் பொதுச்சொத்து. காசல்ரீ நீர்த்தேக்கத்தை பஸ் யன்னலால் பார்த்ததோடு தம்பியின் நீச்சல் சரி.

புத்தி சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை. "டிவி பாப்பேன்னு சொல்லிப்புடாத," என்பார் டியூஷன் மாஸ்டர். "சும்மா இருக்கேன்னு மட்டும் சொல்லாத சாமி," என்பார் அம்மா. வாசிப்பு என்று போட்டாயிற்றே, ஒரு புத்தகமாவது வேண்டாமா? நம்ம ஊர் எழுத்தாளரையே சொல் என்று ஒரு அண்ணன் எடுத்துக்கொடுப்பார்: தெளிவத்தை ஜோசப், 'காலங்கள் சாவதில்லை'. தம்பி இரண்டு பெயரையும் பஸ்ஸில் கொழும்பு வரைக்கும் மனப்பாடம் செய்துகொண்டு போவார்.

பொழுதுபோக்கைக் காட்டி வேலை வாங்குவது இந்த மலைக்குப் புதிதல்ல. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் தேயிலைத் தோட்டம் போடுவதற்கு முன்பே, கோப்பிக் காலத்திலேயே, 1856இல், திம்புள்ளைத் துரைமார் கிரிக்கெட் கிளப் கண்டுவிட்டார்கள். 1876இல் நுவரெலியாவில் ஹில் கிளப் வந்தது. இன்றைக்கும் அங்கே ராச்சாப்பாட்டுக்கு டை கட்ட வேண்டும். மட்டை பிடித்தவன் மலையையும் பிடிப்பான் என்பது அவர்கள் கணக்கு. வெள்ளைக்காரன் போன பிறகும் அந்தக் கணக்கு தீரவில்லை. சின்னதுரை வேலைக்கு வருகிறவர் பள்ளிக்கூடத்தில் ரக்பி ஆடியவரென்றால் அதற்கொரு தனி மவுசு. துரை பந்தடித்தால் விளையாட்டு, லயத்தில் தப்படித்தால் சத்தம்.

தம்பிக்கும் அந்தச் சத்தத்தில்தான் உயிர். மாசி அமாவாசை கழிந்து தோட்டத்தில் காமன் ஊன்றிவிட்டால் அவரை வீட்டில் பார்க்க முடியாது. காமன் கூத்தில் அவர்தான் வீரபத்திரன். வேஷம் கட்டி, தப்பு உருண்டு, ஆட்டம் ஏறிவிட்டால் இடுப்பில் கயிறு போட்டு நாலு பேர் பிடிக்க வேண்டும். அது போதாதென்று லயம் லயமாகப் போய்க் காசு சேர்ப்பது, கொப்பியில் கணக்கெழுதுவது, ஒலிபெருக்கிக்குப் பொலிசில் அனுமதி எடுப்பது, ரதி வேஷக்காரனும் மன்மதனும் கோபித்துக்கொண்டால் தேத்தண்ணி வாங்கிக்கொடுத்துச் சமாதானம் செய்வது எல்லாமே அவர் பொறுப்பு. இதில் ஒன்றும் சுயவிபரக்கோவையில் கிடையாது.

கொழும்பில் ஏசி அறை. எதிரே மூன்று சேர்மார். நாலு பேர் பிடித்து நிறுத்தவேண்டிய வீரபத்திரன், இரவல் டைக்குள் கழுத்தைக் கொடுத்துவிட்டு நாற்காலி நுனியில் இருப்பார்.

"ஓய்வு நேரத்தில என்ன செய்வீங்க?"

"வாசிப்பேன் சேர்."

"கடைசியா என்ன வாசிச்சீங்க?"

"தெளிவத்தை ஜோசப்போட 'காலங்கள் சாவதில்லை' சேர்."

கேட்டவர் நிமிர்ந்து உட்காருவார். "நல்லது. அதுல என்ன சொல்றார்?"

"காலங்கள் சாவதில்லைன்னுதான் சேர்."

அடுத்தவர் இருமுவார். "வேற ஏதும் வாசிப்பீங்களா?"

"ஞாயித்துக்கிழமை வீரகேசரி சேர்."

"அதுல எதை விரும்பி வாசிப்பீங்க?"

"வேலைவாய்ப்பு விளம்பரம் சேர்."

அன்றைக்கு அவர் சொன்ன முதல் உண்மை அது. அதற்கு யாரும் புள்ளி போடுவதில்லை.

மூன்றாமவர் பேப்பரைப் பார்த்துக் கேட்பார்: "ஆட்களை வச்சு வேலை வாங்கின அனுபவம் இருக்கா?"

"இல்ல சேர்."

"காசுக் கணக்குப் பாத்திருக்கீங்களா?"

"இல்ல சேர்."

"ரெண்டு பேருக்கிடையில பிரச்சினை வந்தா தீர்த்து வைப்பீங்களா?"

"நான் எந்தப் பிரச்சினைக்கும் போறதில்ல சேர்," என்று அம்மாவை நினைத்துக்கொண்டு சொல்வார்.

பைல் மூடப்படும். "சரி, எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா?"

இந்தக் கேள்விக்கு மட்டும் ஊரில் யாரும் விடை சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். அதனால் தம்பி சொந்தமாகப் பேசுவார்.

"மாசியில ஒரு கிழமை லீவு கிடைக்குமா சேர்?"

"எதுக்கு?"

"தோட்டத்தில காமன் கூத்து. நான்தான் வீரபத்திரன்."

அவ்வளவுதான். காசு சேர்த்தது, கொப்பி, பொலிஸ், ரதியின் கோபம் எல்லாம் மடை திறந்தாற்போல் வரும். டை முதுகுப்பக்கம் போய்விடும். ஒரு கட்டத்தில் வீரபத்திரன் எப்படி வருவார் என்று எழுந்து ஒரு எட்டு வைத்தும் காட்டுவார். சேர்மார் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்கள்.

நடுவில் இருப்பவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்பார்: "அந்த வேஷத்துக்கு வேற ஆளே இல்லையா தம்பி?"

"ஒருத்தன் இருக்கான் சேர். நேத்து இங்க இன்டர்வியூவுக்கு வந்தானே, வாசிப்பு, நீச்சல்னு போட்டிருந்தான்..."