ஊசி எண் 7-இன் பணி நீட்டிப்பு தொடர்பாக

அனுப்புநர்: ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர், பண்டகப் பிரிவு (தற்போது சர்க்கரைப் பிரிவு).

பெறுநர்: பொறுப்பு அலுவலர் அவர்கள், ஓய்வூதியர் மருந்தகம்.

பொருள்: இன்சுலின் பேனா ஊசி – மாதம் 120 கோரியது – 10 வழங்கப்பட்டது – நன்றி நவிலல் – தொடர்பாக.

பார்வை: என் மருந்துச் சீட்டில் தங்கள் கவுண்டரில் சிவப்பு மையால் போட்ட வட்டம்.

ஐயா,

மேற்காணும் பொருள் தொடர்பாகப் பணிந்து தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், எனக்கு வயது 71. சர்க்கரை வந்து 23 வருடம். மாத்திரைக்கு அடங்க மாட்டேன் என்று அது சொல்லிவிட்டதால் நான்கு வருடமாக இன்சுலின். மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு முன் ஒவ்வொன்று, படுக்கப் போகும்போது ஒன்று. நாளுக்கு 4 என்றால் மாதத்துக்கு 120. டாக்டர் அதைத் தன் கையால் எழுதிக் கொடுத்தார். தங்கள் கவுண்டரில் அந்த 120-ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் 10 என்று எழுதி, பத்து ஊசியை ரப்பர் பேண்டில் கட்டிக் கொடுத்தார்கள். "அவ்ளோதான் சார் லிமிட்டு" என்றது அங்கிருந்த பெண். என் பேத்தி வயதுதான் இருக்கும். அதன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அந்த வட்டம் அழகாக இருந்தது.

120-ஐப் பத்தால் வகுத்தால் ஒரு ஊசிக்கு 12 குத்து, அதாவது மூன்று நாள் பணி. 31 தேதி உள்ள மாதங்களில் 4 குத்து உதைக்கிறது. அப்படி வருடத்தில் ஏழு மாதம், ஆக 28. பிப்ரவரியில் 8 குத்து உபரி. நிகரப் பற்றாக்குறை 20. இதை ஏகாதசி விரதங்களில் சரிக்கட்டிவிடுகிறேன். சாப்பாடு இல்லையென்றால் சாப்பாட்டு ஊசியும் இல்லை. மருந்தகத்தின் உதவியால் பெருமாளிடம் கொஞ்சம் நெருங்கியிருக்கிறேன் என்பதையும் குறிப்பிட விரும்புகிறேன்.

34 வருடம் அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியவனுக்குப் பதிவேடு இல்லாமல் எந்தக் காரியமும் ஓடாது. ஆகவே ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு பணிப்பதிவேடு திறந்திருக்கிறேன். முதல் குத்து, பணியில் சேர்ந்த நாள். அன்றைக்கு ஊசிக்கு இருக்கிற பணிவு சொல்லி முடியாது. 4 மில்லிமீட்டர் நீளம், கால் மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமன், மேலே சிலிக்கோன் பூச்சு. உள்ளே போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது. இரண்டு, மூன்று, தகுதிகாண் பருவம். பூச்சு கழன்றுகொண்டே வருகிறது. நான்காவதில் பணி நிரந்தரம் ஆனதும், தாங்கள் அறியாததல்ல, குணம் மாறிவிடுகிறது. சுருக்கென்கிறது. எட்டாவதில் சங்கத்தில் சேர்ந்துவிடுகிறது. தோலின் மேலேயே உட்கார்ந்துகொண்டு உள்ளே வர மாட்டேன் என்கிறது. அழுத்தினால் ஒரு சொட்டு ரத்தம். பன்னிரண்டில் ஓய்வு. கவுண்டரில் "இருப்பு இல்லை" முத்திரை விழுகிற மாதங்களில் பணி நீட்டிப்பு. இந்த மாத ஊசி எண் 7, இதுவரை 18 குத்துகளை நிறைவு செய்து, ஒழுங்கு நடவடிக்கை எதுவும் நிலுவையில் இல்லாமல் பணியில் தொடர்கிறது.

என் மனைவிக்கு இதெல்லாம் வேடிக்கை. அவள் நாற்பது வருடமாகத் தையல் மெஷின் மிதிப்பவள். ஊசி மழுங்கினால் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை, சத்தத்திலேயே தெரியும் அவளுக்கு. உடனே கழற்றிப் போட்டுவிட்டுப் புது ஊசி மாட்டுவாள். "மொண்ணை ஊசி துணியக் குத்தாதுங்க, இழுக்கும். நூல் பிரிஞ்சிரும். ரெண்டு மீட்டர் துணிக்குக் காட்டுற கரிசனத்த உங்க வயித்துக்குக் காட்டக் கூடாதா?" என்றாள். ரவிக்கைத் துணியின் விலை அவளுக்குத் தெரியும், மருந்தகத்தின் நடைமுறை தெரியாது என்று பதில் சொன்னேன். அதற்குப் பிறகு அன்று காபி வரவில்லை.

ஊசி பற்றாத குடும்பத்தில் அதைப் பேனாவிலிருந்து கழற்றுவதும் கிடையாது. மாட்டியது மாட்டியபடியே இருக்கும். சித்திரை வெயிலில் உள்ளே மருந்து விரிந்து நுனியில் சொட்டுகிறது. குளிர்ந்தால் சுருங்கிக் காற்றை உள்ளே இழுக்கிறது. அப்புறம் 14 யூனிட் திருகினால் உடம்புக்குள் போவது 14-ஆ, அதில் பாதி காற்றா என்பது ஊசிக்கே வெளிச்சம்.

பரிசோதனைப் பட்டைகளையும் மாதம் 25 என்று அளந்து கொடுக்கிறீர்கள். நியாயம்தான். ஆனால் பட்டை ஊசியைப் போல அல்ல. ஒரு சொட்டு ரத்தம் குடித்ததும் வேலையை விட்டுவிடுகிறது, நீட்டிப்பு கொடுத்தாலும் வாங்காது. ஆகவே மாதத்தில் முதல் ஆறு நாள் சர்க்கரையை அளக்கிறேன். மீதி நாள் ஊகிக்கிறேன்.

இனி, நன்றி சொல்ல வேண்டிய முக்கிய விஷயத்துக்கு வருகிறேன். ஆறு மாதத்துக்கு முன் வேறோர் இடத்தில் ஒரு செவிலியர் என் சட்டையை மேலே தூக்கச் சொல்லி, தொப்புளின் இரண்டு பக்கமும் விரலால் தடவிப் பார்த்தார். "என்ன ஐயா, இட்லி ஊத்தி வச்சிருக்கீங்க?" என்றார். தோலுக்கு அடியில் கொழுப்பு தடித்து, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மேடு. ஒரே இடத்தில் குத்துவதாலும் ஒரே ஊசியால் திரும்பத் திரும்பக் குத்துவதாலும் வருமாம். நானாக அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை. ஒன்பதாவது குத்து, பத்தாவது குத்தெல்லாம் புது இடத்தில் போட்டால் உயிர் போகிறது. தடித்த இடத்தில் வலி குறைவு. எந்த அலுவலகத்திலும் வேலை சுளுவாக நடக்கிற கவுண்டருக்குத்தானே கூட்டம் சேரும்?

அந்த மேட்டுக்குள் போன இன்சுலின் ஒரு நாள் போல ஒரு நாள் ரத்தத்தில் சேராதாம். சில நாள் ஊறிக்கொண்டே கிடக்கும், சில நாள் மொத்தமாக இறங்கும். சர்க்கரை இறங்கவில்லை என்று டாக்டர் அளவை ஏற்றிக்கொண்டே போனார். 38 யூனிட்டில் இருந்தவன் 52-க்கு வந்தேன். நாளுக்கு 14 கூடுதல், மாதத்துக்கு 420 யூனிட். ஒரு பேனாவில் 300 யூனிட்தான். ஆக மாதம் ஏறக்குறைய ஒன்றரைப் பேனா, மேட்டுக்கு நைவேத்தியம். கூடுதல் பேனாவைத் தாங்கள் மறுபேச்சு இல்லாமல், வட்டம் போடாமல் கொடுத்தீர்கள். இதன் சூட்சுமம் எனக்குப் புரிகிறது. இன்சுலின் மருந்து, அது ஒரு கணக்குத் தலைப்பு. ஊசி நுகர்பொருள், அது வேறு தலைப்பு. இரண்டாவதில் மிச்சம் பிடித்தால் பாராட்டு. அதனால் முதலாவது வீங்கினால், அந்தக் கோப்பு வேறு மேஜை.

நான் மட்டும்தான் இப்படியோ என்று நினைத்தேன். இல்லை. 2013-இல் வெளிவந்த ஸ்பெயின் நாட்டு ஆய்வில் இன்சுலின் போட்டுக்கொள்ளும் 430 பேரின் தோலைச் சோதித்திருக்கிறார்கள். மூன்றில் இரண்டு பேருக்குக் கொஞ்சம் குறைவானவர்களிடம் இந்தத் தடிப்பு. தடிப்பு உள்ளவர்களுக்கு நாளுக்குச் சராசரியாக 56 யூனிட் தேவைப்பட்டது, இல்லாதவர்களுக்கு 41. 2015 அக்டோபரில் ரோம் நகரில் 54 நாடுகளிலிருந்து 183 வல்லுநர்கள் கூடி உட்கார்ந்து, ஊசியை ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்று பரிந்துரை செய்தார்கள். அத்தனை பேர், அத்தனை தூரம் விமானம் ஏறிப் போய்! தங்கள் கவுண்டரில் இதே விஷயத்தை ஒற்றை ஆள், எழுந்திருக்காமல், இரண்டு விநாடியில் முடிவு செய்தார்.

செவிலியர் சொன்னார் என்று அன்றிரவு இடத்தைத் தொடைக்கு மாற்றினேன். அளவை மாற்றவில்லை, யாரும் மாற்றச் சொல்லவும் இல்லை. மேடு இல்லாத இடம் அல்லவா, மருந்து முழுசாக வேலை செய்துவிட்டது. இரவு இரண்டரை மணிக்குச் சட்டை நனைந்து, கை நடுங்கி, மனைவியின் பெயர் வாயில் வராமல் உட்கார்ந்திருந்தேன். அவள் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாள். அளந்ததில் 54. அந்த மாதத்தின் இருபத்தைந்தாவது பட்டை அது என்பதால் நன்றாக நினைவிருக்கிறது.

என் அப்பாவுக்கும் சர்க்கரைதான். எழுபதுகளில் எங்கள் தெருக் கம்பவுண்டர் தினமும் சைக்கிளில் வருவார். கண்ணாடிச் சிரிஞ்சு, கோணி தைக்கிற மாதிரி ஒரு ஊசி. அம்மா அதைப் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைப்பாள். முனை மழுங்கினால் கம்பவுண்டர் சாணைக்கல்லில் தீட்டிக்கொள்வார். அந்த ஒரே ஊசி எத்தனை வருடம் ஓடியது என்று எனக்குத் தெரியாது, அப்பாவுக்குப் பிறகும் இருந்தது. ஆகவே மறுபயன்பாடு எங்கள் பரம்பரைக்குப் புதிதல்ல. அந்த ஊசி தீட்டுவதற்கென்றே செய்தது, இது எறிவதற்கென்றே செய்தது என்ற சின்ன வித்தியாசம்தான். 1985-இல் டென்மார்க் கம்பெனிக்காரர்கள் இன்சுலின் பேனாவைக் கொண்டுவந்தபோது எங்கள் வீட்டுச் சாணைக்கல்லை யோசிக்கவில்லை.

ஒரு வாக்குமூலமும் கொடுக்க வேண்டியிருக்கிறது. நான் பண்டகப் பிரிவில் இருந்த காலம். எங்கள் அலுவலகத்தில் ஒன்பது பிரிவு. வருடத்துக்கு 60 பெட்டி குண்டூசி வேண்டும் என்று இண்டெண்ட் வந்தது. நான் 60-ஐ அடித்துவிட்டு 18 என்று எழுதினேன். ஏன் 18? இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டதை அப்படியே அனுமதித்தால் கோப்பைப் படிக்கவே இல்லை என்று மேலதிகாரி நினைப்பார். அதனால் எதையாவது அடிக்க வேண்டும். அடித்தால் பக்கத்தில் ஏதாவது எழுத வேண்டும். அன்றைக்கு என் பேனாவில் வந்தது 18.

அடுத்த வருடம் இண்டெண்ட் போடும்போது முறை என்ன? முந்தைய ஆண்டு நுகர்வின் அடிப்படையில். முந்தைய ஆண்டு நுகர்வு எவ்வளவு? 18. கொடுத்ததே 18 என்பதால் செலவானதும் 18. எனவே தேவையும் 18. மேலதிகாரி பச்சை மையில் ஒப்பமிட்டார். தணிக்கைக்கு வந்தவர், பண்டகப் பிரிவு சிக்கனமாக நடக்கிறது என்று வாயாலேயே சொல்லிவிட்டுப் போனார். நான் ஓய்வு பெறும்வரை 18-தான். பிரிவுகளில் பழைய கோப்புகளிலிருந்து குண்டூசியைப் பிடுங்கி, வளைந்ததை மேஜை விளிம்பில் வைத்து நிமிர்த்தி, துருவைத் தலைமுடியில் துடைத்துத் திரும்பக் குத்தினார்கள். ஒரு நாள் தட்டச்சர் அம்மாவின் கட்டைவிரலில் துருப்பிடித்த குண்டூசி ஒன்று நன்றாகவே ஏறிவிட்டது. பாவம், அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டு வந்தார். நான் சும்மா இருக்கவில்லை. அன்று மாலையே சுற்றறிக்கை அனுப்பினேன்: குண்டூசிகளைக் கவனமாகக் கையாளவும்.

ஆகவே தங்கள் 10-ஐப் பார்த்த உடனே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. என் 18-இன் ஜாடை அப்படியே இருக்கிறது. இருந்தாலும் தகப்பன் யாரென்று விசாரித்தேன். கவுண்டரில், "டாக்டர் ஒத்துக்கிட்டா நாங்க குடுக்கப் போறோம்" என்றார்கள். டாக்டர், "நான் எழுதத்தானே செய்றேன், ஸ்டாக் இருந்தாத்தானே தருவாங்க" என்றார். பண்டகத்தில், "இண்டெண்ட் வந்தா வாங்குவோம் சார், போன வருஷ நுகர்வு பாத்துத்தான் போடுவோம்" என்றார்கள். போன வருட நுகர்வு, ஆளுக்குப் பத்து. அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் எனக்குச் சொந்த ஊருக்கு வந்து சேர்ந்த மாதிரி இருந்தது. அந்தப் பண்டகத் தம்பியின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவர் பயந்துவிட்டார்.

வெளியில் வாங்கிக்கொள்ளலாமே என்று தாங்கள் கேட்கலாம். வாங்கியும் இருக்கிறேன். எங்கள் ஊர்க் கடையில் ஒன்று பத்து ரூபாய்க்கு மேல். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு கேள்வி கேட்பதற்கும் கட்டணம் 10 ரூபாய்தான். இந்த மாதம் அந்தப் பத்து ரூபாயை எதில் போடுவது என்று இரண்டு நாள் யோசித்துக் கேள்வியில் போட்டிருக்கிறேன். மனு தனியே வருகிறது. கேள்வி ஒன்றே ஒன்றுதான்: மாதம் 10 என்ற எண்ணை முதன்முதலில் எழுதியவர் யார், எந்தக் கோப்பில், எந்தத் தேதியில்? 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அவசரம் இல்லை. எனக்கு அது 120 குத்து, தங்களுக்கு 10 ஊசி.

அந்த எண்ணை எழுதியவர் ஓய்வு பெற்றிருந்தால் அவர் முகவரியையும் கொடுத்தால் உபகாரமாக இருக்கும். சண்டை போட அல்ல. அவருக்கும் இந்நேரம் சர்க்கரை வந்திருக்கும், ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு வரலாம் என்றுதான்.

நிற்க. ஊசி எண் 7, நாளை காலை இட்லிக்கு முன் பத்தொன்பதாவது குத்தை முடித்துக்கொண்டு பணி ஓய்வு பெறுகிறது. அதன்பின், ஓட்டை விழாத பினாயில் பாட்டிலில் ஏற்கெனவே ஓய்வெடுத்துக்கொண்டிருக்கும் மூத்தோருடன் சேர்ந்துவிடும். குப்பையோடு போட்டால் எங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளரின் கையில் அது மறுநியமனம் பெற்றுவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. தாங்கள் பிரிவுபசார விழாவுக்கு வந்து தலைமை தாங்க வேண்டும். சுண்டல் உண்டு. எனக்குத் தருவதற்கு முன் என் மனைவி ஒரு பிடியை எடுத்துவிடுவாள், அதுவும் லிமிட்தான்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
ஓ.பெ. தலைமை எழுத்தர்.

இணைப்பு: ஊசி எண் 7-இன் பணிப்பதிவேடு, மூன்று தாள். (குண்டூசி போட்டு இணைத்திருக்கிறேன். பழைய குண்டூசி, பார்த்துப் பிரிக்கவும்.)