பொதுமக்கள் போட்ட மார்க்

தூக்கம் வரவில்லை என்று வெளியே சொல்லக் கூடாது. சொன்னால் கசகசாவை அரைத்துப் பாலில் குடி, பாதத்தில் விளக்கெண்ணெய் தேய் என்பார்கள். "நான் தலையைச் சாய்ச்சாப் போதும்" என்று வயிறெரியவும் வைப்பார்கள். எனவே தெருமுனை மெடிக்கல்தான் கதி. டோக்கன் இல்லை, ஃபீஸ் இல்லை.

ஆனால் தூக்க மாத்திரை கேட்டால், "சீட்டு இருக்கா சார்?" என்பார் கடைக்காரர். அல்பிரஸோலம், ஸோல்பிடெம் வகையறா 2014 மார்ச்சிலிருந்து எச்1 பட்டியலில் இருக்கின்றன. டாக்டர் பேர், நோயாளி பேர், கொடுத்த அளவு எல்லாம் தனி நோட்டில் ஏறும். நோட்டை மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். நோட்டுக்குப் பயந்தவர்கள் சளி இல்லாமலே சளி மாத்திரை வாங்கிப் போகிறார்கள். அதிலுள்ள குளோர்பெனிரமின் ராத்திரி தூங்க வைக்கும். மறுநாள் ஆபீஸ் மீட்டிங்கிலும் வைக்கும்.

கடைக்காரர் மகள் ஃபார்ம்.டி படிக்கிறாள். மாத்திரைக்குப் பதில் ஒரு தாளை நீட்டினாள். கனடாக்காரர் சார்ல்ஸ் மோரின் 1993-ல் உண்டாக்கிய தூக்கமின்மை அளவுகோல். ஏழு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் நாலு வரை, மொத்தம் 28. பதினைந்தைத் தொட்டால் டாக்டரிடம் போகச் சொல்வாளாம். வெளிநாடுகளில் இந்த மாதிரி ஆலோசனைக்கு மருந்துக்கடையிலேயே தனி அறை ஒதுக்குவதுண்டு. நம் கடையில் இருப்பது கவுண்டர். கவுண்டரைச் சுற்றி ஊர்.

ஐந்தாவது கேள்வி வில்லங்கமானது. உங்கள் தூக்கப் பிரச்சினை மற்றவர்கள் கண்ணுக்கு எந்த அளவு தெரிகிறது?

"பூஜ்..." என்று நான் ஆரம்பிப்பதற்குள், பி.பி. மாத்திரைக்கு நின்றிருந்த கீழ்வீட்டு மாமி, "ராத்திரி ஒரு மணிக்கு இவாத்து ஃபிரிட்ஜ் கதவு கிறீச்சுங்கும். நாலு போடும்மா" என்றார். பின்னாலிருந்து ஓர் இளைஞன், "ரெண்டேகாலுக்கு அபார்ட்மென்ட் குரூப்ல தண்ணி லாரி எப்ப வரும்னு கேட்டது அங்கிள்தான்" என்று வழிமொழிந்தான். நானாகப் போட்டிருந்தால் 12. பொதுமக்கள் போட்டது 16.

"குறட்டை உண்டா அங்கிள்?" மூச்சு அடைப்பாலும் தூக்கம் கெடுமாம். என்னை யாரும் பார்க்கவில்லை. மொத்தக் கூட்டமும் கூட வந்திருந்த என் மனைவி பக்கம் திரும்பியது. அவள் சிரித்ததையே பதிலாக எழுதிக்கொண்டாள் அந்தப் பெண்.

அப்புறம் யோசனைகள். சாயந்திரம் ஆறு மணிக் காபியில் பாதி, பதினொரு மணிக்கும் ரத்தத்தில் உலாவிக்கொண்டிருக்கலாமாம். இருபது நிமிஷம் போலத் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போய்விட வேண்டுமாம். நியாயமான யோசனைதான், மாத்திரைக்கு முன் இந்த மாதிரிப் பழக்கச் சிகிச்சையைத்தான் அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் அமைப்பும் 2016-ல் சொன்னது. ஆனால் அவர்கள் ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட்டைப் பார்த்ததில்லை. எங்கள் வேறு அறை ஹால். அங்கே திவானில் மாமனார். ஏழு கேள்விக்கும் பூஜ்யம் வாங்கக்கூடிய மனிதர்.

திடீரென்று அந்தப் பெண் பேனாவை நிறுத்தினாள்.

"மாமி, ஒரு மணிக்கு நீங்க ஏன் முழிச்சிண்டிருந்தேள்?"

இன்னொரு தாள் வந்தது. இளைஞன் மெல்ல நழுவிவிட்டான். மாமிக்கு 19.

"டாக்டரைப் பாருங்கோ மாமி."

"எனக்கென்ன கேடு? இவாத்து ஃபிரிட்ஜுக்குக் கொஞ்சம் எண்ணெய் போடச் சொல்லு."